ஒகேனக்கல் போகிறீர்களா? முதலில் கன அடியைக் கேளுங்கள்

தர்மபுரியில் வீடு இருந்தால் இது ஒரு தொல்லை. சென்னை, கோவை என்று எங்கே இருக்கிற சொந்தக்காரராக இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது போன் செய்து "ஒகேனக்கல் வரோம், கூட வாங்க" என்பார்கள். அதுவும் எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகுதான் போன் வரும். சனி ஞாயிறோடு ஒட்டி ஒரு லீவு, டிரெயின் டிக்கெட் போட்டாச்சு, எட்டுப் பேர், அதில் இரண்டு கைக்குழந்தை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அன்றைக்கு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று யாராவது பார்த்தீர்களா? எதிர்முனையில் சத்தமே இருக்காது.

உள்ளூரில் யாரும் லீவு பார்த்து ஒகேனக்கல் போவதில்லை. மூன்றே கேள்விதான். தண்ணி எவ்வளவு வருது, பரிசல் ஓடுதா, குளிக்க விடறாங்களா. மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால் புதன்கிழமையாக இருந்தாலும் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருஷம் முன்பு ஆடிப்பெருக்குக்கு எங்கள் சித்தப்பா குடும்பம் முந்தின நாளே வந்து இறங்கியது. சித்தி விடியற்காலையில் எழுந்து ஒரு பெரிய தூக்கு நிறைய புளியோதரை கிளறினார். போய்ச் சேர்ந்தால் அருவிக்குப் போகிற நடைபாதைக் கேட்டில் பூட்டு. பரிசல் எல்லாம் கரையில் ஆமை மாதிரி கவிழ்ந்து கிடக்கிறது. ஆறு கரைகொள்ளாமல் செக்கச்செவேல் என்று போகிறது. சித்தி தூர நின்று காவிரித் தாயைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், தூக்கு மூடியைத் திறந்து வைத்து ஒரு குரங்கு சாவகாசமாக வேர்க்கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆடிப்பெருக்கு கொண்டாடியது அது ஒன்றுதான்.

சரி, தண்ணீர் கணக்குக்கு வருவோம், பயணத்தில் பாதி வேலை இதுதான். தர்மபுரியில் மழை பெய்தால் ஒகேனக்கல்லில் தண்ணீர் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்ட வேண்டும், கர்நாடகத்தில் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்ப வேண்டும், அங்கே உபரிநீரைத் திறக்க வேண்டும், அது ஓரிரண்டு நாள் ஓடி பிலிகுண்டுலு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, பிறகுதான் ஒகேனக்கல். நம் தலைக்கு மேல் ஒரு மேகம் இல்லாத நாளில்கூட வெள்ளம் வருவது இதனால்தான். பிலிகுண்டுலு என்ற பெயரைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். மத்திய நீர்வள ஆணையம் ஆற்றை அளக்கிற இடம் அது. 2018ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி) தண்ணீர் வந்ததா இல்லையா என்று கணக்குப் பார்ப்பதும் அங்கேதான். இரண்டு மாநிலம் சண்டை போடுகிற அதே அளவைத்தான் நாம் குளிக்கப் போகலாமா என்று பார்ப்பதற்கும் பயன்படுத்துகிறோம்.

இன்னொரு கணக்கும் உண்டு. கோடை மழையிலும் வடகிழக்குப் பருவத்திலும் அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ராசிமணல், கேரட்டி பக்கம் ஒரு ராத்திரி நல்ல மழை பெய்தால் போதும், மறுநாள் காலையில் ஆறு சட்டென்று ஏறிவிடும். அந்தத் தண்ணீர் செம்மண் கரைசலாக இருக்கும். பத்திரிகையில் இந்த ஊர்ப் பெயர்கள் வரிசையாக வந்தால் உஷாராகிவிடுங்கள்.

நீர்வரத்துச் செய்தியில் கன அடி என்றால் விநாடிக்கு ஒரு கன அடி தண்ணீர், அதாவது சுமார் 28 லிட்டர். 10,000 கன அடி என்று செய்தியில் படித்தால் ஒரு விநாடிக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் உங்களைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம். 2018 ஆகஸ்டில் இது 2 லட்சம் கன அடியைத் தாண்டியது. அப்போது அருவி என்ற ஒன்றே கண்ணுக்குத் தெரியவில்லை. பாறை எல்லாம் முழுகி, ஒரே சமதளமாக ஆறு ஓடியது. என் அனுபவத்தில் 5,000 முதல் 8,000 வரை இருக்கும்போதுதான் ஒகேனக்கல் ஒகேனக்கல்லாக இருக்கும். 15,000ஐத் தாண்டிவிட்டால் தடை வருமோ வராதோ என்ற சந்தேகத்தோடுதான் கிளம்ப வேண்டும். தடை போடுவதும் எடுப்பதும் மாவட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கிறது, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மாறியும் இருக்கிறது. அதனால் முந்தின நாள் இரவு ஒரு தடவை, கிளம்புகிற காலையில் ஒரு தடவை செய்தியைப் பாருங்கள். "ஒகேனக்கல் நீர்வரத்து" என்று தேடினாலே வந்துவிடும்.

மாதம் சொல்லியே ஆக வேண்டும் என்றால், செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. ஜூலை, ஆகஸ்ட் சீட்டாட்டம் மாதிரி, விழுந்தால் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் சில வருஷம் நீர்வரத்து சில நூறு கன அடிக்கு இறங்கிவிடும். அருவி நூல் மாதிரி ஒழுகும். ஆனால் பரிசல் சவாரிக்கு அதுவும் ஒரு நல்ல காலம்தான், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வழி. தர்மபுரி டவுனிலிருந்து 46 கிலோமீட்டர், பென்னாகரம் வழியாக. பஸ் ஸ்டாண்டில் நேர் பஸ் இருக்கிறது, கிடைக்காவிட்டால் பென்னாகரம் போய் அங்கே மாறிக்கொள்ளலாம். டிரெயினில் வருபவர்களுக்கு பெங்களூரு – சேலம் பாதையில் தர்மபுரி ஸ்டேஷன். கிருஷ்ணகிரிக்காரர்கள் நாலுவழிச் சாலையில் தர்மபுரி வந்து திரும்புவதே நல்லது. அங்கே ஸ்டேஷன் இல்லாத கதையைக் கிளறினால் இந்தக் கட்டுரை முடியாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் இருந்து வருபவர்களுக்கு அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியாக ஒரு குறுக்குப் பாதை உண்டு. அழகான பாதை, முழுக்கக் காடு, ஆனால் பகலில் மட்டும். மேப் அரை மணி நேரம் மிச்சம் என்று காட்டுகிறது என்பதற்காகப் பொழுது சாய்ந்த பிறகு அதில் இறங்காதீர்கள்.

பென்னாகரத்தைத் தாண்டி மடம் சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக், பாட்டில் இருந்தால் அங்கேயே மாட்டும், அதனால் வீட்டிலிருந்தே எடுத்து வராதீர்கள். அதற்குப் பிறகு கணவாய் இறக்கம், வளைந்து வளைந்து போகும், கியரை மாற்றி மெதுவாக இறங்குங்கள், பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருகிறவர்களின் வண்டி கீழே வருவதற்குள் கருகிய வாசனை அடிக்கும். சுற்றிலும் இருப்பது வெறும் முட்புதர் இல்லை. காவிரி வடக்கு சரணாலயம் 2014லும், காவிரி தெற்கு சரணாலயம் 2022லும் அறிவிக்கப்பட்டன. தெற்கு மட்டுமே 686 சதுர கிலோமீட்டர். யானை இந்தச் சாலையைக் கடந்துதான் தண்ணீருக்குப் போகும். சாலையில் யானை நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், இறங்கி செல்ஃபி எடுக்காதீர்கள், நல்ல தூரத்தில் நிறுத்திக் காத்திருங்கள். அது போகும்போது போகும்.

காலை ஆறு மணிக்குத் தர்மபுரியை விட்டால் எட்டுக்குள் ஆற்றில் இருக்கலாம். பத்து மணிக்கு மேல் டூரிஸ்ட் வேன்கள் வர ஆரம்பித்துவிடும், அப்புறம் எல்லாவற்றுக்கும் வரிசைதான்.

முதலில் எண்ணெய். "எனக்கு மசாஜ் எல்லாம் வேண்டாம்" என்று சொல்கிறவர்களைத்தான் நான் கட்டாயப்படுத்தி உட்கார வைப்பேன். அருவிக்குப் போகிற வழியில் பாறை மேல் கையில் எண்ணெய் பாட்டிலோடு நிற்பார்கள். தலை மட்டுமா, முழு உடம்பா, எண்ணெய் அவர்களுடையதா உங்களுடையதா என்று பேசி விலையை முடித்துவிட்டு உட்காருங்கள், பாதியில் பேசினால் நீங்கள் வழுக்கிக்கொண்டு நிற்பீர்கள், பேரம் நடக்காது. நான் வீட்டிலிருந்தே நல்லெண்ணெய் கொண்டு போய்விடுவேன். உச்சியில் ஒரு உள்ளங்கை எண்ணெயை வைத்துத் தட்ட ஆரம்பித்தால், தட்டுகிற சத்தத்தில் ஒரு தாளம் வரும். பிறகு கழுத்து, தோள், முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரல் இறங்கும். கடைசியாக விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கி எடுப்பார்கள். இடுப்பு வலி, ஆபரேஷன் ஆன உடம்பு என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இவர்கள் கை லேசான கை இல்லை. போட்டிருக்கிற டிரவுசர் அதோடு போச்சு, பழையதாகப் பார்த்து எடுத்து வாருங்கள்.

எண்ணெய் ஊறின உடம்போடு அருவிக்குக் கீழே நிற்பதுதான் முறை. தோளில் தண்ணீர் விழும்போது முதல் நிமிஷம் வலிக்கும், அப்புறம் மரத்துப்போகும், அப்புறம் வெளியே வர மனசு வராது. பெண்களுக்குக் குளிக்கத் தனி இடம் இருக்கிறது. பாசி பிடித்த பாறையில் ரப்பர் செருப்பு வழுக்கும், வெறுங்காலே மேல். சீயக்காய்ப் பொடி கொண்டு வாருங்கள், ஷாம்பு பாக்கெட்டைக் கிழித்து ஆற்றில் போடாதீர்கள். இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று எங்கள் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், என் வயதுக்காரர்கள் பலர் சிரித்தால் பல்லில் மஞ்சள் கறை தெரியும். ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013ல் தண்ணீர் திறந்த பிறகுதான் குழாயில் காவிரி வந்தது. நீங்கள் குளிக்கிற ஆறு எங்கள் வீட்டுக் குடம்.

குளிப்பதற்கென்று விட்டிருக்கிற இடத்தில் மட்டும் குளியுங்கள். ஊட்டமலை, ஆலம்பாடி பக்கம் ஆறு அகலமாக, அமைதியாக, குளம் மாதிரி தெரியும். அங்கேதான் வருஷா வருஷம் நீச்சல் தெரிந்த பையன்களே முழுகிப் போகிறார்கள். மேலே அசையாத தண்ணீருக்குக் கீழே பாறை இடுக்கும் சுழலும் இருக்கிறது. முதலையும் இருக்கிறது, அதைச் சொன்னால்தான் சிலர் காதில் ஏறுகிறது.

இப்போது பரிசல். வட்டக் கூடை என்று நினைத்துக்கொள்ளுங்கள், விட்டம் ஏழு அடி சொச்சம். மூங்கில் தப்பைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, அடியில் முன்பெல்லாம் தோல் போர்த்துவார்கள், இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். ஒரே துடுப்பு. கட்டணத்தைக் கவுன்டரில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எங்கிருந்து எங்கே வரை, எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று ஏறுவதற்கு முன்பே தெளிவாகக் கேளுங்கள். தண்ணீரின் அளவைப் பொறுத்துப் பாதை மாறும், "போன தடவை ஐந்தருவி கிட்டக்க போனோமே" என்று சண்டை போட்டுப் பயன் இல்லை. லைஃப் ஜாக்கெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிற ஆட்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். மாட்டி, எல்லாப் பட்டையையும் இழுத்துக் கட்டுங்கள். ஈர வாசம் அடிக்கும், பரவாயில்லை.

ஒவ்வொருவராக நடுவில் கால் வைத்து ஏற வேண்டும், விளிம்பில் மிதித்தால் மொத்தக் கூடையும் சாயும். கனமானவர் எதிரில் கனமானவர் என்று பரிசல்காரர் கண்ணாலேயே எடை போட்டு உட்கார வைப்பார், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எங்கள் அத்தையை அவர் மூன்று தடவை இடம் மாற்றினார், அத்தை இன்னும் அதை மறக்கவில்லை. துறையை விட்டு நகர்ந்ததும் சத்தம் குறையும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழுந்து நிற்கும், அடுக்கடுக்காக, கரும்பழுப்பாக. இந்தப் பக்கத்தில் கார்பனடைட் என்று ஒரு அரிய வகைப் பாறை இருக்கிறது, அதன் வயது 200 கோடி வருஷத்துக்கு மேல் என்கிறார்கள் நிலவியல்காரர்கள். நடுவில் தண்ணீர் கரும்பச்சையாக அசையாமல் இருக்கும், துடுப்பிலிருந்து சொட்டுகிற சொட்டுச் சத்தம்கூடக் கேட்கும். அப்புறம் ஒரு வளைவு திரும்பியதும் அருவிச் சத்தம், அதோடு சாரல். பாறையில் விழுந்த தண்ணீர் பொடியாகிப் புகை மாதிரி எழும்பும். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல் சேர்த்து ஒகேனக்கல். உகுநீர்க்கல் என்பதுதான் மருவியது என்று சொல்கிற தமிழய்யாக்களும் உண்டு. எந்தப் பக்கம் சேர்ந்தாலும் சட்டை நனையும்.

"சுத்தட்டுங்களா சார்?" என்று பரிசல்காரர் கேட்பார். குழந்தைகள் சரி என்று கத்தும். துடுப்பை ஒரே பக்கம் போட்டுக் கூடையைப் பம்பரமாகச் சுற்றுவார். இட்லியை அமுக்கிவிட்டு வந்தவர்கள் இதைத் தவிர்த்துவிடுங்கள். வழியில் இன்னொரு பரிசல் பக்கத்தில் வந்து ஒட்டும், அதுதான் கடை. சுண்டல், சிப்ஸ், குளிர்பானம், விலை கரையைவிடக் கூடத்தான், ஆற்று நடுவில் வேறு கடை ஏது.

கோடையில் தண்ணீர் குறைந்தால் இன்னொரு வேடிக்கை. ஓரிடத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டு, பரிசல்காரர் கூடையைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு பாறைமேல் நடப்பார், இரண்டு கால் முளைத்த குடை மாதிரி. நாம் பின்னால் நடந்து போய் அடுத்த மடுவில் மறுபடி ஏற வேண்டும். வெள்ள காலத்தில் முழுகிக் கிடக்கிற பாறைப் பள்ளங்களையும் குடைவுகளையும் கிட்டத்தில் பார்க்க முடிவது அப்போதுதான்.

மீன். பரிசல் ஏறுவதற்கு முன்பே மீனைச் சொல்லிவிட்டுப் போங்கள், இறங்கி வந்து சொன்னால் பசியில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். இங்கே முறை என்னவென்றால், மீனை நீங்கள் வாங்கிக் கொடுத்தால் வரிசையாக அடுப்பு வைத்திருக்கிற அக்காக்கள் சமைத்துத் தருவார்கள். சமையலுக்குத் தனிக் காசு, சோறு எத்தனை பேருக்கு என்று அதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். கட்லா, ரோகு, வாளை, ஜிலேபி, ஆரால் எல்லாம் கிடைக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், கண் பொங்கி இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியிலிருந்து வருகிறதா, வலையிலிருந்து வருகிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நான் வாளையைக் குழம்புக்கும், ஜிலேபியை முழுசாக வறுவலுக்கும் கொடுப்பேன். குழம்பு புளியும் மிளகாயுமாக ஆளை அடிக்கும். குழந்தைகளுக்கு என்றால் "காரம் கம்மிக்கா" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டும், ஒரு தடவை சொன்னால் அவர்கள் கணக்கில் அது சாதாரணக் காரம். சாப்பிடும்போது ஒரு கையில் இலை, இன்னொரு கையில் குச்சி. குச்சி எதற்கு என்று குரங்கு சொல்லித்தரும்.

மற்றதெல்லாம் போகிற போக்கில் பார்க்கலாம். தொங்கு பாலத்தில் நின்றால் அருவி முழுசாகத் தெரியும், குளிக்கத் தடை இருக்கிற நாளிலும் அது திறந்திருந்தால் ஓரளவு ஆறுதல். முதலைப் பண்ணைக்குக் குழந்தைகள் இருந்தால் போங்கள், பெரியவர்களுக்குப் பத்து நிமிஷம் போதும், முதலை அசையாது. கையில் சில்லறையும் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள், காட்டுக்கு நடுவில் சிக்னலை நம்பி மீன் வாங்க முடியாது.

நாலரைக்கு மேல் அங்கே நிற்காதீர்கள். பொழுது சாய்வதற்குள் கணவாய் ஏறி பென்னாகரம் வந்துவிட வேண்டும்.

இரண்டாவது நாள் கையில் இருந்தால் நாகமரை போய் வாருங்கள், ஏரியூர் தாண்டி. ஒகேனக்கல்லில் குதித்த காவிரி போய்த் தேங்குவது மேட்டூர் அணையில், 1934ல் கட்டி முடித்தது. அதன் பின்பக்கத் தண்ணீர் நாகமரை வரை ஏரியாக விரிந்து கிடக்கும். அருவி பார்த்த கண்ணுக்கு அந்த அமைதி நன்றாக இருக்கும். எதிர்க்கரை பண்ணவாடி, சேலம் மாவட்டம். அணை கட்டியபோது முழுகிய ஊர்களின் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் தண்ணீருக்கு அடியில் இருக்கின்றன. அணை வற்ற வற்ற முதலில் கோபுர நுனி, அப்புறம் நந்தியின் தலை, அப்புறம் உடம்பு என்று வெளியே வரும். இதில் ஒரு சிக்கல். நந்தி முழுசாகத் தெரிகிற காலத்தில் ஒகேனக்கல் அருவி பெரும்பாலும் நூலாகிவிட்டிருக்கும், அருவி புகைகிற காலத்தில் நந்தி அடியில் இருக்கும். ஒரே பயணத்தில் இரண்டும் வேண்டும் என்று எங்கள் சித்தப்பா இந்த வருஷமும் போன் செய்தார். நந்தியின் காது தெரிகிறதா, இல்லை அருவியில் தண்ணி வருகிறதா, எது வேண்டும் என்று முதலில் சித்தியிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன்.